ஒன்று, ஐந்து, ஏழில் எரிந்த விளக்கு: ஒரு பாட்டு டீச்சரின் வீட்டுக்குச் சேனல் ஸ்ட்ரிப் தேர்ந்தெடுத்த விவரம்

"தம்பி, அறுபதாயிரம் ஒதுக்கி வெச்சிருக்கேன். ப்ரீஆம்பும் கம்ப்ரஸரும் சேர்ந்த மாதிரி நல்ல பெட்டியா ஒண்ணு சொல்லுங்க. இந்த இரைச்சலைத் தாங்க முடியல."

போனில் அக்கா கேட்டது இவ்வளவுதான். ப்ரீஆம்ப் என்பது மைக்கின் மெல்லிய மின்னளவைப் பெரிதாக்கும் பகுதி, கம்ப்ரஸர் என்பது உரத்த இடங்களை அழுத்தி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் பகுதி. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தால் அதுதான் சேனல் ஸ்ட்ரிப். உறவுக்காரர் இல்லை, என் தங்கை அவரிடம் பாட்டுப் படித்தவள், அந்த வழியில் எனக்கும் அக்கா. உறையூரில் மாடி வீடு. முன்னறையில் தாழ்வான மரப் பலகை போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பாடுவார், சொல்லிக்கொடுப்பார். காலையில் பக்திப் பாடல்களும் பாடப் பதிவுகளும், மாலையில் வெளியூர் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. இரண்டுக்கும் ஒரே மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரே இன்டர்ஃபேஸ்.

மைக் ஷ்யூர் எஸ்எம்7பி. இன்டர்ஃபேஸ் எல்லா வீட்டிலும் இருக்கும் இரண்டு சேனல் ரகம், மைக் கெயின், அதாவது எவ்வளவு பெருக்கும் என்பது, அதிகபட்சம் 56 டெசிபல். இந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷ்யூரே சொல்கிறது. அதைப் படித்த யாரும் "உங்க ப்ரீஆம்ப் பத்தாது, சேனல் ஸ்ட்ரிப் வாங்குங்க" என்றுதான் சொல்வார்கள். அக்காவுக்கும் கடையில் அதையே சொல்லியிருந்தார்கள். நானும் போனில் கேட்டபோது அப்படித்தான் நினைத்தேன். நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் எண்ணம் மாறியது.

அக்கா சொன்ன குறைகள் மூன்று. ஒன்று, பாட்டு நிற்கும் இடங்களில் "உஸ்" என்று இரைச்சல் மேலே வருகிறது. இரண்டு, மந்திர ஸ்தாயி (கீழ்க்குரல்) காதில் விழவே இல்லை, தார ஸ்தாயியில் (மேல்குரலில்) சிவப்பு விளக்கு எரிந்து குரல் உடைகிறது. மூன்றாவது அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் பிடித்திருந்தது: "குரல் யாரோ கழுத்தைப் புடிச்சு விட்ட மாதிரி தாளத்துக்குத் தாளம் உள்ளே போய்ட்டு வருது தம்பி."

முதலில் இரைச்சல் யாருடையது?

ஒரு சின்னச் செருகியை எப்போதும் பையில் வைத்திருப்பேன். மைக் கேபிளின் மூன்று ஊசிச் செருகியான எக்ஸ்எல்ஆருக்குள் 2ஆம் ஊசிக்கும் 3ஆம் ஊசிக்கும் நடுவே 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தது. செலவு ஒரு டீ, வடைக் காசுதான். எஸ்எம்7பியின் மின்தடையும் ஏறக்குறைய அந்த 150 ஓம்தான் என்பதால், இதைச் செருகினால் இன்டர்ஃபேஸ் தனக்கு மைக் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். ஆனால் அறையின் சத்தம் உள்ளே வராது. வருவது ப்ரீஆம்பின் சொந்த இரைச்சல் மட்டும்.

கெயினை முழுக்கத் திருகி வைத்து மூன்று முறை பதிவு செய்தோம். கணினியில் உச்ச அளவு சுழியம், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். செருகி மட்டும் இருந்தபோது இரைச்சல் மைனஸ் 79இல் நின்றது. மைக்கைச் செருகி, மின்விசிறியை அணைத்து, நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மைனஸ் 70. விசிறியைப் போட்டதும் மைனஸ் 59.

அதாவது ப்ரீஆம்பின் இரைச்சலைவிட விசிறியின் இரைச்சல் 20 டெசிபல் அதிகம். அறுபதாயிரம் கொடுத்து மாற்ற நினைத்த பாகம் இந்தக் கூட்டத்தில் மூலையில் அடங்கி உட்கார்ந்திருந்த ஆள்.

இதைக் காகிதத்திலும் கணக்குப் போட்டுக் காட்டினேன், ஏனென்றால் கடைக்காரர் சொன்னது அக்கா மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது. 150 ஓம் மின்தடை எதுவாக இருந்தாலும், அறை வெப்பத்தில் அதற்குள் எலக்ட்ரான்கள் அலைவதாலேயே ஓர் இரைச்சல் உண்டாகும். கேட்கும் அலைவரிசை முழுவதற்கும் கணக்கிட்டால் அது மைனஸ் 131 டிபியூ (கணினி மீட்டரின் அளவுகோல் அல்ல, மின்னழுத்தத்தை அளக்கும் வேறு டெசிபல் அளவுகோல்). இது இயற்கை போட்ட கோடு. உலகத்தின் மிக விலையுயர்ந்த ப்ரீஆம்பாலும் இந்த மைக்கை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே போக முடியாது. அக்காவின் இன்டர்ஃபேஸ் போன்றவை மைனஸ் 128 அளவில் இருக்கின்றன. ஆக, லட்ச ரூபாய் ப்ரீஆம்ப் வாங்கினாலும் இரைச்சலில் கிடைக்கக்கூடிய லாபம் அதிகபட்சம் 3 டெசிபல். அறையின் சத்தம் அதற்கு 9 டெசிபல் மேலே நிற்பதால், அந்த மூன்றும் காதுக்கு எட்டாது.

கெயின் அதிகம் வேண்டும் என்பதும் இரைச்சல் குறைய வேண்டும் என்பதும் வேறு வேறு தேவைகள். வீட்டில் ஒலிப்பதிவு செய்பவர்களில் பாதிப் பேர் பணம் விடுவது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான். ஃபோகஸ்ரைட்டின் ஐஎஸ்ஏ ஒன் 80 டெசிபல் வரை கெயின் தரும், அருமையான ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த ப்ரீஆம்ப். ஒலிக்கருவி வடிவமைப்பாளர் ரூபர்ட் நீவ் 1985இல், பீட்டில்ஸ் பாடல்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டுடியோவுக்காக வடிவமைத்த ஐஎஸ்ஏ 110இன் வழி வந்தது. அதன்மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் இந்த அறையில் அது விசிறிச் சத்தத்தைத்தான் இன்னும் அழகாகப் பதிவு செய்திருக்கும்.

அப்படியானால் விசிறி மைனஸ் 59இல் இருக்கும்போது, அக்கா காதில் அது அவ்வளவு பெரிதாக ஏன் கேட்டது? அவருடைய பதிவு மென்பொருளில் "வோக்கல்" என்று பெயரிட்ட ஒரு தயார் அமைப்பு கம்ப்ரஸரில் ஏறியிருந்தது. அது உரத்த இடங்களை அழுத்திவிட்டு, ஈடுகட்ட மொத்தத்தையும் 15 டெசிபல் தூக்கியது. தூக்கும்போது குரலை மட்டும் தூக்கத் தெரியாது. விசிறியும் மைனஸ் 44க்கு ஏறியது. பாட்டு நின்றதும் அழுத்தம் விலகி அந்த 15 டெசிபலும் முழுசாக வெளிப்படும். அக்கா கேட்ட "உஸ்" அதுதான்.

பைசா செலவில்லாத 17 டெசிபல்

அக்கா மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். மேடைப் பழக்கம் அது. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் சத்தம் அப்படியே இருக்கும். ஒரு சாண் தூரத்துக்கும் கொஞ்சம் குறைவாக, சுமார் 15 சென்டிமீட்டருக்கு மைக்கைக் கொண்டுவந்தோம். விசிறியை அணைத்தோம். கெயினை 56இலிருந்து 44க்கு இறக்கினோம்.

இறக்கினோம் என்றதும் அக்கா முகம் மாறியது. "ஏற்கெனவே பத்தலைன்னு தானே தம்பி..." என்றார். பாடச் சொன்னேன். மந்திர ஸ்தாயி பஞ்சமத்தில் மெல்லப் பாடிய இடம் மைனஸ் 40இல் இருந்தது. அறை மைனஸ் 82. இரண்டுக்கும் இடைவெளி 42 டெசிபல். பழைய அமைப்பில், விசிறியோடு, அதே இடத்தில் இடைவெளி 25தான். 17 டெசிபல் கிடைத்துவிட்டது, பெட்டியெதுவும் வாங்காமல். தார ஸ்தாயியில் முழுத் தொண்டை கொடுத்துப் பாடியபோதும் உச்சம் மைனஸ் 5ஐத் தாண்டவில்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை.

24 பிட்டில் பதிவு செய்யும்போது அளவு சிறிதாக இருப்பது குற்றமே இல்லை. மீட்டர் மேலே போய் முட்ட வேண்டும் என்ற எண்ணம் நாடா காலத்திலிருந்து வந்தது. நாடாவுக்குச் சொந்தமாக இரைச்சல் உண்டு. குரல் அதற்கு மேலே இருக்கவேண்டும், மேலே போய்ச் சிதையவும் கூடாது. நடுவில் இருந்த இடம் குறுகியது, அதனால் பதிவாகும் முன்பே கம்ப்ரஸரால் குரலை நெருக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. பதிவின்போது அழுத்திவிட்ட குரலை யாராலும் விரித்து எடுக்க முடியாது. அழுத்தாமல் பதிந்ததைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்திப் பார்க்கலாம்.

நெருங்கி உட்கார்ந்ததில் ஒரு விலையும் உண்டு. ஒரு அடி தள்ளி இருக்கும்போது தலை 5 சென்டிமீட்டர் பின்னால் போனால் அளவு 1.3 டெசிபல்தான் குறையும். 15 சென்டிமீட்டரில் அதே அசைவு 2.5 டெசிபல் ஆகிவிடும். கண்ணை மூடி ஆலாபனை செய்கிறவரைத் தலையை ஆட்டாதே என்று சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது. ஆகவே ஒரு மெல்லிய கம்ப்ரஸருக்கு உண்மையான வேலை இங்கேதான் முளைத்தது.

விளக்கு எரிந்த இடங்கள்

மூன்றாவது குறைக்கு வருகிறேன். எனக்கு இந்த வேலையில் மறக்கமுடியாத பகுதி இதுதான்.

அடுத்த முறை போனபோது, நண்பரிடம் இரவல் வாங்கிய ஒரு சேனல் ஸ்ட்ரிப்பைக் கொண்டுபோனேன். கம்ப்ரஸர் எப்போது அழுத்துகிறது என்று காட்டும் விளக்கு வரிசை அதில் தெளிவாக இருக்கும். அக்காவை எட்டு எண்ணுள்ள ஆதி தாளத்தில் ஆரம்பப் பாடமான ஸரளி வரிசை பாடச் சொன்னேன், ஏற்ற இறக்கமில்லாமல், ஒரே அளவில். குரல் ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சிறிது நேரம் எனக்குப் புரியவில்லை. பிறகு விரலால் எண்ணிப் பார்த்தேன்.

ஒன்றில் எரிகிறது. இரண்டு, மூன்று, நான்கில் இல்லை. ஐந்தில் எரிகிறது. ஆறில் இல்லை. ஏழில் எரிகிறது. எட்டில் இல்லை.

தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. லகு என்ற முதல் நான்கு எண்ணின் தட்டிலும், த்ருதம் என்ற இரண்டிரண்டு எண்களின் தட்டுகளிலும் மட்டும் எரிகிறது. கம்ப்ரஸர் அக்காவின் குரலைக் கேட்கவே இல்லை, தொடையில் விழுந்த கையைக் கேட்டுக்கொண்டிருந்தது!

காரணம் பலகை. அக்கா உட்கார்ந்திருந்த அதே மரப் பலகையின் மேல்தான் மைக் ஸ்டாண்டும் நின்றது. தொடையில் தட்டினால் அதிர்வு பலகை வழியாக ஸ்டாண்டுக்கு ஏறி மைக்குக்குப் போகிறது. அந்த அதிர்வு மிகத் தாழ்ந்த அலைவரிசை என்பதால் சிறிய ஸ்பீக்கரிலோ போனிலோ கேட்டால் தெரியாது. ஆனால் கம்ப்ரஸரின் உணர்பகுதிக்குக் காது வேறு: மொத்த மின் அளவு எவ்வளவு என்று மட்டுமே அது பார்க்கிறது. தட்டு விழுந்ததும் அளவு எகிறுகிறது, குரலையும் சேர்த்து அழுத்துகிறது. "கழுத்தைப் புடிச்சு விட்ட மாதிரி" என்று அக்கா சொன்னது அட்சரம் பிசகாத வர்ணனை.

ஸ்டாண்டைப் பலகையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தோம். அடியில் பழைய பவானி ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டோம். எஸ்எம்7பியின் பின்புறத்தில் தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் உள்ளே அமுங்கி இருக்கும், மெல்லிய ஸ்க்ரூடிரைவரால்தான் நகர்த்த முடியும். வாங்கி இரண்டு வருடத்தில் அப்படி ஒன்று இருப்பது அக்காவுக்குத் தெரியாது. அதையும் நகர்த்தினோம். பிறகு ஸ்ட்ரிப்பில் 80 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போட்டதும் விளக்கு அடங்கியது. மறுபடி அதே ஸரளி வரிசை. எட்டு எண்ணும் போயின, விளக்கு அசையவில்லை.

80 ஹெர்ட்ஸில் வெட்டினால் குரலின் அடி போய்விடாதா என்று அக்கா கேட்டார். அவருக்குச் சுருதி ஐந்து கட்டை. ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை ஸா, 196 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ள மந்திர பஞ்சமம் 147. எண்பதுக்குக் கீழே அவர் குரலில் எதுவும் இல்லை. ஒரு கட்டையில் பாடும் ஆண் என்றால் கணக்கு மாறும், அவருடைய மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். சில பெட்டிகளில் ஃபில்டர் 120இல் இருக்கும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு அவருக்குப் போட்டால் அடித்தொண்டை போய்விடும்.

இதிலிருந்துதான் எங்கள் முதல் விதி பிறந்தது: ஸ்ட்ரிப்பில் ஃபில்டர் கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் இருந்தால் தட்டின் ஒலி காதிலிருந்து மறையும், ஆனால் குரல் அமுங்குவது அப்படியே இருக்கும். வாங்கும் முன் கையேட்டில் மின்பாதைப் படத்தைத் தேடிப் பார்த்துவிடவேண்டும்.

எதற்காக வாங்குகிறோம்?

இத்தனைக்கும் பிறகு "பெட்டியே வேண்டாம் அக்கா" என்று சொல்லியிருப்பேன். ஆனால் மாலை வகுப்பு இருக்கிறது. அங்கே பிறகு சரிசெய்வதற்கு நேரமே கிடையாது. அக்கா "ஸா" என்று மெல்லச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த நொடி "இல்லடா கண்ணா, திரும்பப் பாடு" என்று உரக்கச் சொல்வார். மறுமுனையில் பிள்ளை ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறது. கணினிக்குள் கம்ப்ரஸர் ஓட்டினால் அக்காவுக்குத் தன் குரல் தாமதமாகத் திரும்பி வரும், வகுப்பு நடுவே மென்பொருளோடு மல்லுக்கட்டவும் அவரால் முடியாது. கைக்கு எட்டும் குமிழ்களோடு ஒரு இரும்புப் பெட்டி அங்கே நியாயமான தேவை.

ஆக, தேடியது பதிவுக்கான பெட்டி அல்ல, வகுப்புக்கான பெட்டி. இந்தத் தெளிவு வந்ததும் தேர்வு பாதியாகச் சுருங்கியது.

கம்ப்ரஸர் வகைகளை அக்காவே கேட்டுத் தீர்மானிக்கட்டும் என்று நினைத்தேன். திருச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவில் ஒரு பிற்பகல் இடம் கொடுத்தார்கள். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தை அசைத்து நிற்கும் ஒரே சஞ்சாரத்தை அக்கா மூன்று வகைக் கம்ப்ரஸர்களிலும் பாடினார்.

முதலில் 1176 பாணி. பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த, எஃப்இடி என்ற ட்ரான்சிஸ்டர் வகைக் கம்ப்ரஸரின் நகல். அதன் அட்டாக், அதாவது அழுத்திப் பிடிக்க எடுக்கும் நேரம், மிக மந்தமாக வைத்தாலும் ஒரு மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும், 800 மைக்ரோசெகண்ட். மேற்கத்திய ராக் குரலுக்கு அந்த வேகம்தான் உயிர். அக்காவின் குரலில் அது ஒவ்வொரு வல்லெழுத்தின் முனையையும் மழுக்கியது. ரிலீஸை, அதாவது பிடியை விடும் நேரத்தை, விரைவாக வைத்ததும் இன்னொன்று நடந்தது. அவருடைய காந்தார அசைவை அலைவரைபடத்தில் எண்ணினால் நொடிக்கு மூன்று நான்கு ஆட்டம் வரும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஸ்வரம் மேலே போகும்போது குரல் கொஞ்சம் கூடும், கீழே வரும்போது தணியும். நூறு மில்லிசெகண்டில் விட்டுவிடும் கம்ப்ரஸர் ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனியாகப் பிடித்துச் சமன் செய்துவிட்டது. சுருதி அசைந்தது, அசைவில் இருந்த அழுத்தம் போய்விட்டது. அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இது நான் பாடினதுதான், ஆனா என் குரு கேட்டா அடிப்பார்" என்றார்.

அடுத்தது ஒளியால் இயங்கும் வகை. 1960களின் தொடக்கத்தில் ஜிம் லாரன்ஸ் உருவாக்கிய எல்ஏ-2ஏயின் வழி. குரலின் அளவுக்கேற்ப உள்ளே ஒரு பலகம் ஒளிரும், அந்த ஒளியைப் பார்த்து ஓர் ஒளியுணர் மின்தடை அளவைக் குறைக்கும். பிடிப்பது சுமார் 10 மில்லிசெகண்டில். விடுவது இரண்டு கட்டம்: பாதி 60 மில்லிசெகண்டில் விலகும், மீதி நிதானமாக, ஒன்றிலிருந்து பதினைந்து நொடிவரை இழுத்துக்கொண்டு. அந்த நிதானம் கமகத்தை, அந்த ஸ்வர அசைவை, தொடாமல் விட்டது. குரல் முன்னால் வந்து உட்கார்ந்தது. அறையில் இருந்த மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. இந்தக் கம்ப்ரஸரும் வால்வு ப்ரீஆம்பும் ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் யுனிவர்சல் ஆடியோவின் எல்ஏ-610 இருக்கிறது. விலை அக்காவின் தொகையைப்போலப் பல மடங்கு. மனதாரச் சொல்கிறேன், பணம் இருந்து, அறையும் அமைதியாக இருந்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது, மின்னழுத்தத்தால் அளவைக் கட்டுப்படுத்தும் விசிஏ வகை, டிபிஎக்ஸ் 286எஸ். ப்ரீஆம்ப், 80 ஹெர்ட்ஸ் ஃபில்டர், கம்ப்ரஸர், ஸகர ஒலியின் கூர்மையைத் தணிக்கும் டி-எஸ்ஸர், குரலைப் பளிச்சென்று ஆக்கும் என்ஹான்ஸர், கேட் எல்லாம் ஒரே பெட்டியில். கெயின் 60 டெசிபல் வரை. கம்ப்ரஸருக்கு இரண்டே குமிழ்: எவ்வளவு அழுத்துவது என்பதற்கு டிரைவ், எவ்வளவு விரைவாக விடுவது என்பதற்கு டென்சிட்டி. ரேஷியோவும் (எத்தனை பங்கு அழுத்துவது) த்ரெஷோல்டும் (எந்த அளவிலிருந்து அழுத்துவது) கையில் இல்லையே என்று ஒலிப்பதிவாளர்கள் முகம் சுளிப்பார்கள். பாடிக்கொண்டே வகுப்பெடுக்கும் ஒருவருக்கு அந்த இரண்டு குமிழ் பெரிய வரம் என்று எனக்குத் தோன்றியது. டென்சிட்டியைக் கீழே இறக்கி, டிரைவை 3 டெசிபல் மட்டும் அழுத்துமாறு வைத்தபோது, காந்தாரம் தப்பித்தது. ஒளிவகையின் இதம் இல்லை. ஆனால் எதையும் கெடுக்கவில்லை.

கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குரல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கதவைச் சாத்தும் பகுதி இது. விசிறிச் சத்தத்துக்கு மருந்து என்று பலரும் போடுவார்கள். எந்தப் பெட்டியில் இருந்தாலும் கர்நாடகக் குரலுக்கு நான் அதைத் தொடமாட்டேன். விசிறி மறையும் அளவுக்கு வைத்துப் பார்த்தோம். அக்கா மந்திர பஞ்சமத்தில் கார்வை கொடுத்து நீட்டி மெல்லக் கரைத்துவிட்ட இடத்தில், கடைசி ஒரு நொடி கத்தரித்தாற்போலக் காணாமல் போனது. பிள்ளைகள் காது பழகவேண்டியதே அந்தக் கடைசி நொடியில்தான்.

வாங்கியது 286எஸ். அறுபதாயிரத்தில் பாதிக்குள் அடங்கியது.

இணைத்த அன்று

இரவல் ஸ்ட்ரிப்பை முதலில் இணைத்தபோது நானே அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். அதன் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டில் செருகிவிட்டேன். மைக்கிலிருந்து வருவது ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட் கணக்கு, ஸ்ட்ரிப்பிலிருந்து வருவது ஒரு வோல்ட்டுக்கு மேல். ஆயிரம் மடங்கு பெரிய மின்னளவை இரண்டாவது ப்ரீஆம்புக்குள் தள்ளியதில் குரல் சல்லடையானது. ஸ்ட்ரிப் வைத்த பிறகு இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்புக்கு அங்கே வேலை இல்லை. கால் அங்குலச் செருகியால் லைன் உள்ளீட்டுக்குத்தான் போகவேண்டும், கெயின் கீழே இருக்கவேண்டும்.

புதுப் பெட்டியை வைத்ததும் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் முனகல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது. லேப்டாப் ஒரு சுவரில், ஸ்ட்ரிப் எதிர்ச் சுவரில், எர்த் இரண்டு வழியாக ஓடி வட்டமடித்திருக்கிறது. எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவந்து, கித்தார் கேபிளை எடுத்துவிட்டு மூன்று தொடர்புள்ள டிஆர்எஸ் கேபிளைப் போட்டதும் முனகல் போய்விட்டது. எர்த் ஊசியை உடைத்துவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மைக்கைத் தொட்டுக்கொண்டு பாடுகிற உடம்பு அது.

தம்பூராப் பெட்டி மைக்குக்கு ஓரடியில் இருந்தது. கம்ப்ரஸர் போட்டதும், அக்கா பாடும்போது தம்பூரா அடங்கி, நிறுத்தும்போது எழும்பி, கடலலைபோல ஏறி இறங்கியது. அதை மைக்கின் முதுகுப் பக்கம் தள்ளி, அளவைக் குறைத்தோம். பதிவின்போது இப்போது தம்பூரா ஒரு காது ஹெட்போனில் மட்டும். மறுகாது திறந்திருக்கும், தன் குரலை அறையில் கேட்காமல் அவரால் பாட இயலாது.

வகுப்பில் இன்னொரு திருடன் இருந்தான். ஜூம் போன்ற மென்பொருள் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நீண்டு நிற்கும் ஒலியை அது இரைச்சல் என்று எண்ணி அழிக்கும். தம்பூராவையும் நீண்ட கார்வையையும் அது அப்படித்தான் தின்றுகொண்டிருந்தது. இசைக்காரர்களுக்கென்று அதில் ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போடாமல் எந்தப் பெட்டி வாங்கி வைத்தாலும் பலனில்லை. போட்ட அன்று மாலை ஒரு மாணவி, "டீச்சர், இன்னிக்குத்தான் தம்பூரா கேக்குது" என்றாளாம்.

இப்போது அக்கா வீட்டில் இரண்டு வழி. மாலையில் மைக் 286எஸ் வழியாகப் போகிறது: ஃபில்டர் உண்டு, அழுத்தம் 3 டெசிபல், டி-எஸ்ஸர் லேசாக, என்ஹான்ஸர் சுழியம், கேட் அணைப்பு. குமிழ்களின் இடத்தை நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறார். மேசை விசிறி மெல்லிய வேகத்தில், மைக்கின் பின்பக்கம் சற்று விலகி ஓடுகிறது. காலைப் பதிவுக்கு அந்தக் கேபிளைக் கழற்றி மைக்கை நேராக இன்டர்ஃபேஸில் செருகுகிறார், கெயின் 44, கம்ப்ரஸர் இல்லை. மென்பொருளில் பிறகு 2க்கு 1 ரேஷியோ, 25 மில்லிசெகண்ட் அட்டாக், அரை நொடிக்கு மேல் ரிலீஸ், அதிகம் போனால் 4 டெசிபல். "வோக்கல்" தயார் அமைப்பை அழித்துவிட்டோம்.

மீதிப் பணத்தில் ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினோம். பாடும் முகத்துக்கு எதிர்ச் சுவரில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைக் கொக்கி போட்டுத் தொங்கவிட்டோம். கையில் இன்னும் ஏழாயிரம் ரூபாய் இருக்கிறது. மேயில் உறையூரில் விசிறி இல்லாமல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது. அதனால் பதிவு விடியற்காலை நாலே முக்காலுக்குத் தொடங்குகிறது. ஆறு மணிக்கு மாடிச் சுவரில் அணில்கள் கத்தத் தொடங்கும்போது அக்கா மைக்கை அணைத்துவிடுகிறார்.